ஆண்கல்வி என்றொரு சொல் ஏன் இல்லை?

நீண்ட பதிவு இது. நேரம் வாய்க்கும்போது படிக்குமாறு நண்பர்களை வேண்டுகிறேன்.

தில்லியில் ஆய்வு செய்துவரும் எனக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டில்தான் சாப்பாடு. அக்கா மகனுக்கு 11 வயது, ஆறாம் வகுப்பில் படிக்கிறான். சில வாரங்களுக்கு முன்பு அவனை அழைத்துக்கொண்டு மெட்ரோவில் சென்றபோது, முதல் பெட்டியைக் காட்டி ஒரு கேள்வி கேட்டான். "மாமா, இந்தப் பெட்டி லேடீஸுக்கு மட்டும். பஸ்ஸில் அவங்களுக்கு டிக்கெட் இல்லை. எங்க ஸ்கூல் சுவர் முழுக்கப் பெண் குழந்தைகளைக் காப்போம்னு எழுதியிருக்கு. பசங்க நாங்க என்ன தப்புப் பண்ணினோம்?"

ஆய்வாளனுக்கு உரிய பழக்கத்தின்படி புள்ளிவிவரத்தை எடுத்து நீட்டினேன். மெட்ரோவில் தனிப்பெட்டி 2010இல் ஏன் வந்தது, பேருந்தில் இலவசப் பயணம் 2019இல் ஏன் தொடங்கியது, ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி மணமான பெண்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் கணவரின் வன்முறையை எதிர்கொண்டிருக்கிறார்கள் என்றெல்லாம் பதினொரு வயதுக்கு ஏற்ற மொழியில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். பிறகு, "நான் யாரையும் அடிக்கலையே" என்றான்.

அந்த மறுமொழிக்கு என்னிடம் விடையில்லை. பெண்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியை அவனுக்கு விளக்கினேனே தவிர, அந்த வரலாற்றில் அவனுடைய இடம் எது என்று சொல்லவில்லை. குற்றவாளியின் இருக்கை ஒன்றுதான் அவன் கண்ணுக்குப் பட்டிருக்கிறது. அதில் அமர மறுக்கிறான். மறுப்பது நியாயந்தான். ஆனால் வேறு இருக்கை எதையும் நாம் காட்டாவிட்டால், அதைக் காட்டுவதற்குக் கைப்பேசிக்குள் ஆயிரம் பேர் காத்திருக்கிறார்கள். அன்றிரவு அறைக்குத் திரும்பியபின் எழுந்த கேள்வியிலிருந்தே இப்பதிவு பிறந்தது: கடந்த 150 ஆண்டுகளில் இந்நாட்டில் பெண்ணுரிமை பற்றி நடந்த பெரும் விவாதங்களில், மகன்களிடம் என்ன சொல்லப்பட்டது?

மொழியியல் படித்தவன் என்பதால் சொல்லிலிருந்து தொடங்குகிறேன். 'பெண்கல்வி' என்பது தமிழில் நிலைபெற்ற தொகைச்சொல். இந்தியிலும் வங்காளத்திலும் மராத்தியிலும் 'ஸ்திரீ சிட்சை' அவ்வாறே நிலைபெற்றது. 'ஆண்கல்வி' என்ற சொல் வழக்கில் இல்லை. இலக்கணப்படி அமையக்கூடிய சொல்தான், தேவைதான் எழவில்லை. மொழியியலில் இதைக் குறியுற்ற வடிவம், குறியற்ற வடிவம் என்பார்கள். ஆண் இயல்புநிலை என்பதால் அவன் பெறும் கல்வி வெறும் 'கல்வி'. பெண் விலகல் என்பதால் அவளுக்கு அடைமொழி வேண்டியிருக்கிறது.

இதன் வேறு முகங்களையும் நாம் அன்றாடம் பார்க்கிறோம். இந்தி பேசும் வீடுகளில் மகளைக் கொஞ்சும்போது 'பேட்டா' என்று அழைப்பது இயல்பு. மகனை யாரும் 'பேட்டி' என்று கொஞ்சுவதில்லை. தமிழிலும் பெண் குழந்தையை 'வாடா கண்ணா' என்கிறோம். ஆண் குழந்தையை 'வாடி' என்றால் அது கேலி. மகளை மகனாக விளிப்பது ஏற்றம், மகனை மகளாக விளிப்பது இறக்கம். இந்தப் பாடத்தை எந்த வகுப்பறையும் நடத்துவதில்லை. நான்கு வயதுக்குள் பிள்ளைகள் தாமே கற்றுத் தேர்ந்துவிடுகிறார்கள்.

'புத்திரன்' என்ற சொல்லுக்கு மனுஸ்மிருதி தரும் விளக்கம் பலரும் அறிந்தது. 'புத்' என்னும் நரகத்திலிருந்து தந்தையைக் கரையேற்றுபவன் என்பது அது. இன்றைய சொற்பிறப்பியல் இதை ஏற்பதில்லை. ஆனாலும் பொய்யான சொற்பிறப்பு மெய்யான ஆசையைச் சொல்லிவிடுவதுண்டு. இந்த விளக்கத்தில் மகன் என்பவன் ஒரு பணி, பிறந்ததே அதற்குப் போதிய தகுதி. தகுதி பிறப்பிலேயே கிடைத்துவிடும்போது வளர்ப்பு எதற்கு?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் அச்சுலகைப் புரட்டினால் இந்தச் சமனின்மை துலக்கமாகத் தெரிகிறது. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பெண்மதி மாலை' வெளிவந்தது 1869இல். அதே ஆண்டில் டெபுடி நசீர் அகமது உருதுவில் 'மிராத்துல் அரூஸ்' என்ற கதைநூலைத் தம் மகளுக்காக எழுதி வெளியிட்டு, வடமேற்கு மாகாண அரசின் ஆயிரம் ரூபாய்ப் பரிசைப் பெற்றார். பெண்ணுக்கு அறிவுரை சொல்லும் நூல்கள் அடுத்த அரை நூற்றாண்டில் மொழிக்கு மொழி பெருகின. பெண்ணைப் படிக்க வைப்பதற்கு அக்காலச் சீர்திருத்தர்கள் அடிக்கடி சொன்ன காரணம், படித்த தாயே நல்ல மகனை வளர்ப்பாள் என்பது. மகளின் கல்விக்கான நியாயமும் மகனை முன்னிட்டே தேடப்பட்டது. அந்த நல்ல மகன் வீட்டில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை எழுத அவ்வளவு பேனாக்கள் முன்வரவில்லை.

விதிவிலக்குகள் உண்டு. அவற்றுள் முக்கியமானது அதே நசீர் அகமது 1874இல் எழுதிய 'தௌபத்துன் நசூஹ்'. காலராவிலிருந்து பிழைத்த நசூஹ் என்ற தில்லித் தந்தை, கனவொன்றில் மறுமையின் விசாரணையைக் கண்டு மனம் மாறி, தன் குடும்பத்தைத் திருத்தப் புறப்படுகிறார். மூத்த மகள் நயீமா முதலில் எதிர்க்கிறாள். பிறகு உறவினர் வீட்டில் தன் வயதுப் பெண்ணொருத்தியோடு தங்கி, மெல்ல மனம் மாறித் திரும்புகிறாள். மூத்த மகன் கலீமுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. அவன் கவிதைப் பித்தன். தந்தையின் அழைப்பை மறுத்து வெளியேறுகிறான். தந்தை அவனுடைய நூல்களைத் தீயிலிடுகிறார். ஊர் ஊராக அலைந்து, சண்டையில் படுகாயமுற்று வீடு திரும்பும் கலீம் இறந்துபோகிறான். நூலாசிரியர் இதை மகனுக்கான எச்சரிக்கையாகவே எழுதினார். எனக்குத் தந்தைக்கான எச்சரிக்கையாகப் படுகிறது. மகளுக்குத் தோழமை கிடைத்தது. மகனுக்குக் கட்டளையும் தீயும் கிடைத்தன.

அது கதை. இனி வரலாறு.

ருக்மாபாய் வழக்கைப் பெண்ணுரிமை வரலாறு படிப்போர் அனைவரும் அறிவார்கள். 1864இல் பம்பாயில் பிறந்தவர். 11 வயதில் மணம். வளர்ந்தபின் கணவருடன் வாழ மறுத்தார். கணவர் 1884இல் வழக்குத் தொடுத்தார். 1887இல் நீதிமன்றம் கணவரிடம் செல் அல்லது ஆறு மாதச் சிறைக்குச் செல் என்றது. சிறைக்கே செல்கிறேன் என்றார் ருக்மாபாய். பிறகு லண்டன் சென்று மருத்துவம் படித்துத் திரும்பி, சூரத்திலும் ராஜ்கோட்டிலும் பல்லாண்டுகள் பணியாற்றினார். இவ்வளவும் பாடநூலில் கிடைக்கும். சுதீர் சந்திராவின் 'என்ஸ்லேவ்டு டாட்டர்ஸ்' நூலைப் படித்தவர்களுக்குக் கூடுதல் விவரங்களும் தெரிந்திருக்கும்.

நான் பேச விரும்புவது மறுபக்கத்தில் நின்றவரைப் பற்றி. கணவர் தாதாஜி பிகாஜி. திருமணத்தின்போது அவருக்கு வயது 19. ருக்மாபாயின் தாய் ஜெயந்திபாய் இளமையில் கணவரை இழந்து, டாக்டர் சகாராம் அர்ஜுன் என்பவரை மறுமணம் செய்துகொண்டவர். பம்பாயின் பெயர்பெற்ற மருத்துவரான சகாராம், 1883இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைத் தொடங்கியவர்களுள் இருந்த இரண்டு இந்தியரில் ஒருவர். தாதாஜி அவருக்கு உறவினர். திருமணத்தின்போது செய்துகொண்ட ஏற்பாடு கவனிக்கத்தக்கது. தாதாஜி பெண் வீட்டிலேயே தங்குவார். அவருடைய செலவு முழுவதையும் அவர்களே ஏற்பார்கள். அவர் படித்து 'நல்ல மனிதராக' ஆக வேண்டும். நம் ஊர் வழக்கில் சொன்னால், வீட்டோடு மாப்பிள்ளை.

ஓர் ஆண்மகனை ஒரு பெண்ணுக்கு ஏற்றவனாக ஆக்குவதற்குக் கல்வி தருவது என்ற இந்த ஏற்பாட்டை, 'ஆண்கல்வி' என்ற சொல் இல்லாத காலத்து ஆண்கல்விச் சோதனை என்று சொல்லத் தோன்றுகிறது. அது தோற்றது. ஏன் தோற்றது என்பதில்தான் என் ஆர்வம்.

இருபது வயதில் அவரை ஆறாம் வகுப்பில் உட்கார வைத்தார்கள். தம் வயதினர் பல்கலைக்கழகத்தில் இருக்கும்போது சிறுவர்களோடு அமர்ந்து படிக்கும் நிலை. ருக்மாபாய் பூப்பெய்தியபின், இளவயதில் தாம்பத்தியம் கூடாது என்று மருத்துவரான சகாராம் தடுத்துவிட்டார். அவர் செய்தது முழுக்கச் சரி. ஒரு சிறுமியின் உடலைக் காத்தார். ஆனால் தாதாஜிக்கு அதன் காரணம் புரியவைக்கப்பட்டதா? கணவனின் உரிமை என்று ஊரும் உறவும் சொல்லிக்கொடுத்த ஒன்று மறுக்கப்பட்டது என்றுதான் அவருக்குப் பட்டிருக்க வேண்டும். இதற்கிடையில் அவருடைய தாய் இறந்துபோனார். சகாராமின் அறிவுரையை மீறித் தாய்மாமன் நாராயண் தர்மாஜி வீட்டுக்குக் குடிபெயர்ந்தார். அந்த வீட்டில் மாமன் ஆசைநாயகி ஒருத்தியை வைத்திருந்தார். அந்தத் துயரில் மாமி தற்கொலைக்கு முயன்றிருந்தார். அங்கே தாதாஜியின் படிப்பு நின்றது, கடன் ஏறியது. மனைவி வந்தால் அவளுடைய சொத்தும் வரும், கடன் அடையும் என்ற கணக்கும் வளர்ந்தது.

வழக்கில் ருக்மாபாய் தரப்பு முன்வைத்த மறுப்புகள் மூன்று. தாதாஜியால் மனைவிக்கு உறைவிடமும் பராமரிப்பும் தர இயலாது. அவருடைய உடல்நலம் சரியில்லை. அவர் யாருடைய பாதுகாப்பில் வாழ்கிறாரோ அவருடைய நடத்தை சரியில்லை. இந்த மூன்றாவது மறுப்பைப் படிக்கும்போதெல்லாம் சற்றே நின்றுவிடுகிறேன். இளைஞன் ஒருவன் எந்த வீட்டில், யாரைப் பார்த்து வளர்கிறான் என்ற கேள்வி 1880களின் பம்பாய் உயர்நீதிமன்ற வழக்கேட்டில் பதிவாகியிருக்கிறது. மனக்கசப்புக் கொண்ட இளைஞனுக்கு ஆறுதலும் அறிவுரையும் வழக்குத் தொடுக்கும் துணிவும் தந்தவர் ஒரு மாமன். இன்றைய நாராயண் தர்மாஜிகள் கைப்பேசிக்குள் குடியிருக்கிறார்கள். நானும் ஒரு மாமன் என்பதால் இது உறுத்துகிறது.

தாதாஜியை நியாயப்படுத்துவதாக யாரும் கொள்ள வேண்டா. அவர் கேட்டது அநீதி. ஆனால் அவருடைய கசப்பு பொய்யில்லை. தாயில்லை, வருமானமில்லை, மாமனார் வீட்டுச் சோறு, ஆறாம் வகுப்பு. ஆண் என்றால் எவையெல்லாம் இருக்க வேண்டும் என்று அவருக்குக் கற்பிக்கப்பட்டதோ அவற்றில் ஒன்றும் அவரிடம் இல்லை. எஞ்சியிருந்தது 'கணவன்' என்ற உரிமை ஒன்றுதான். அதைப் பற்றிக்கொண்டு நீதிமன்றம் சென்றார். 1887இல் தம் தரப்பை விளக்கிச் சிறு வெளியீடொன்றையும் அச்சிட்டார். சொத்துக்காகவே மனைவியைத் தம்மிடமிருந்து பிரித்து வைத்திருக்கிறார்கள் என்பது அவருடைய வாதம். தன் கசப்புக்குக் காரணம் எதிரே இருக்கும் பெண்ணும் அவள் வீட்டாரும்தான் என்று நம்பும் இந்த வாதத்தை இன்று படித்தால் பழையதாகவே தோன்றாது.

'வீட்டோடு மாப்பிள்ளை' என்ற நிலையைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இந்தியில் 'கர் ஜமாய்', மராத்தியில் 'கர்ஜாவய்'. எல்லாவற்றிலும் ஏளனத்தின் வாடை. பிறந்த வீட்டை விட்டுப் பிறர் வீட்டில் வாழ்வது பெண்ணுக்கு விதி, ஆணுக்கு இழிவு. சென்னை மாகாணத்தின் தெலுங்குப் பகுதிகளில் ரெட்டி, கம்மச் சமூகத்தாரிடையே 'இல்லடம்' மருமகன் என்ற வழக்கம் இருந்தது. மாமனார் வீட்டில் தங்கி உழைக்கும் மருமகனுக்குச் சொத்தில் பங்கும் உண்டு. சட்டப் பங்கு கிடைத்த இடத்தில் ஏளனம் எவ்வளவு குறைந்தது என்பது தனி ஆய்வுக்குரிய பொருள். 1882இல் 'ஸ்திரீ புருஷ துலனா' எழுதிய தாராபாய் ஷிண்டேயின் கணவரும் மனைவியின் பெற்றோர் வீட்டில் வந்து தங்கியவர்தான். சூரத்தில் விஜயலட்சுமி என்ற இளம் கைம்பெண் சிசுக்கொலைக்குத் தண்டிக்கப்பட்டபோது, பெண்கள்மீது ஏற்றப்படும் குற்றங்கள் ஒவ்வொன்றையும் எடுத்து ஆண்களின் நடத்தையோடு ஒப்பிட்டுக் காட்டியவர் தாராபாய். ஆணை ஆய்வுப் பொருளாக்கிய முதல் நவீன இந்திய நூல்களுள் அதை வைக்கலாம்.

வழக்குக்குத் திரும்புவோம். 1885இல் நீதிபதி பின்ஹி தாதாஜியின் மனுவைத் தள்ளுபடி செய்தார். தாம்பத்திய உரிமையை மீட்கும் வழக்கு என்பது இந்தியச் சாத்திரங்களில் இல்லாதது, இங்கிலாந்தின் திருச்சபை நீதிமன்றங்களிலிருந்து வந்தது என்று சுட்டினார். ஒருநாளும் தொடங்காத இல்வாழ்க்கையை எப்படி 'மீட்பது' என்பதும் அவர் எழுப்பிய கேள்வி. சகாராம் அர்ஜுன் அந்த ஆண்டிலேயே காலமானார். மறு ஆண்டு மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு செல்லாததாயிற்று. 1887இல் நீதிபதி ஃபாரன் மேற்சொன்ன ஆணையைப் பிறப்பித்தார். இத்தகைய ஆணையை மீறுவோரைச் சிறையிலடைப்பதை இங்கிலாந்து 1884ஆம் ஆண்டுச் சட்டத்தால் கைவிட்டிருந்தது. அங்கே கழித்துப்போட்டதை இங்கே 'நம் மரபு' என்று காக்கப் பெருங்கூட்டம் திரண்டது. படித்த பெண் இப்படித்தான் ஆவாள் என்று திலகரின் 'கேசரி' சாடியது. 1888 ஜூலையில் தாதாஜி இரண்டாயிரம் ரூபாய் பெற்றுக்கொண்டு உரிமையை விட்டுக்கொடுத்தார்.

அடுத்த சில ஆண்டுகளில் தனிமனிதக் கசப்பு அரசியலாயிற்று. கல்கத்தாவில் பத்து, பதினொரு வயதே ஆன ஃபூல்மணி தாசி கணவனின் உறவால் இறந்தாள். 1891இல் இசைவு வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தும் சட்டம் வந்தது. பன்னிரண்டுதான்! அதற்கே நாடு கொந்தளித்தது. 'பங்கபாசி' என்ற வங்க இதழின்மீது அப்போது தொடுக்கப்பட்டதுதான் இந்தியாவின் முதல் இராஜத்துரோக வழக்கு. வெளியுலகில் ஆட்சியை இழந்த ஆணுக்கு வீடு ஒன்றுதான் எஞ்சிய அரசு, அதிலும் அந்நியன் கைவைக்கிறான் என்ற உணர்வைத் தனிகா சர்க்கார் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். 'பெண்தன்மை கொண்ட வங்காளி' என்று ஆங்கிலேயர் ஏளனம் செய்ததும் இதனோடு பின்னிப் பிணைந்தது என்று மிருணாளினி சின்ஹா காட்டுகிறார். அவமானப்பட்ட ஆண், தன்னை அவமானப்படுத்தியவனை விட்டுவிட்டுத் தன்னைவிட எளியவர்மீது அதிகாரத்தை உறுதிப்படுத்திக்கொள்கிறான். தாதாஜி சிறிய அளவில் செய்ததை ஒரு வர்க்கமே பெரிய அளவில் செய்தது.

அரை நூற்றாண்டு கடந்து, இந்து சட்டத் தொகுப்பு விவாதத்தில் மகன் நேரடியாகவே களத்துக்கு வந்தான். 1941இல் பி. என். ராவ் குழுவில் தொடங்கி, அம்பேத்கரின் கையில் வடிவுபெற்று, நிறைவேறாமையும் காரணமாக அவர் 1951இல் அமைச்சர் பதவியைத் துறக்கும்வரை, எதிர்ப்பாளர்கள் சொன்ன வாதங்களுள் ஒன்று: மகளுக்குப் பங்கு தந்தால் அண்ணன் தங்கை பாசம் அழியும். எவ்வளவு வெளிப்படையான ஒப்புதல்! தங்கை தன் பங்கைக் கேட்காதவரைதான் அண்ணனின் பாசம் நிற்கும் என்று அண்ணன்களின் சார்பில் பேசியவர்களே சொன்னார்கள். 1929இலேயே செங்கல்பட்டுச் சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சமச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானித்திருந்ததை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

1956இல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம் மகளுக்குப் பங்கு தந்தது, மகனின் பிறப்புரிமையையும் காத்தது. தாயில்லாத குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தந்தை, ஒரு மகன், ஒரு மகள். கூட்டுக் குடும்பச் சொத்து. தந்தை இறந்தால், பாதி பிறப்பிலேயே மகனுடையது. தந்தையின் பாதி இருவருக்கும் சமமாகப் பிரியும். ஆக மகனுக்கு முக்கால், மகளுக்குக் கால். இது போதாதென்று 23ஆம் பிரிவு: குடும்பம் வசிக்கும் வீட்டில், ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை மகள் பாகம் கேட்க முடியாது. மணமான மகள் அங்கே வசிக்கவும் முடியாது, கணவரை இழந்தோ பிரிந்தோ வந்தாலொழிய. தமிழ்நாடு 1989இல் மணமாகாத மகள்களைப் பங்காளிகளாக்கியது. 2005இல் நாடு முழுவதும் மகள் பிறப்பிலேயே பங்காளியானாள். 23ஆம் பிரிவு நீங்கியது. 2020இல் வினீதா சர்மா வழக்கில் உச்சநீதிமன்றம் எஞ்சிய ஐயங்களையும் தீர்த்துவைத்தது.

சட்டம் தீர்த்ததை வீடு எப்படித் தீர்க்கிறது என்பதற்கு நானே சாட்சி. அப்பா இறந்த மறு ஆண்டு, ஊரில் சார்பதிவாளர் அலுவலகத்தில் அக்கா விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட்டாள். எனக்கு அப்போது 22 வயது. யாரும் அவளை வற்புறுத்தவில்லை. யாரும் அவளைக் கேட்கவும் இல்லை. அதுதான் முறை என்றார்கள்; அவளும் அப்படியே நினைத்தாள். பத்திரத்தில் பிரதிபலன் எதுவும் பெறாமல், அன்பினால் என்ற பொருளில் வாசகம் இருந்தது. இராஜஸ்தானில் இதற்கு 'ஹக் தியாக்' என்றே பெயர், உரிமைத் தியாகம். அன்று மாலை எல்லோரும் உணவகத்தில் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பினோம். எனக்கு எந்தக் குற்றவுணர்வும் எழவில்லை என்பதை இங்கே எழுதியாக வேண்டும். நானும் யாரையும் அடிக்கவில்லையே. அக்கா மகனின் மறுமொழி என்னை ஏன் அவ்வளவு தைத்தது என்பதற்கு இதுதான் காரணம். நானும் அந்தச் சொற்றொடருக்குள்தான் வாழ்ந்திருக்கிறேன்.

1983இல் சேர்க்கப்பட்ட 498ஏ பிரிவைச் சுற்றி நடப்பதை இங்கே சுருக்கமாகவே தொடுகிறேன். அதைப் பிணையில் விடக்கூடிய, சமரசத்துக்குரிய குற்றமாக்க 2003இல் மளிமத் குழு பரிந்துரைத்தது. அப்பிரிவு தவறாகப் பயன்படுத்தப்பட்டால் அது சட்டப் பயங்கரவாதமாகும் என்று 2005இல் உச்சநீதிமன்றம் எச்சரித்தது. 2014இல் இயந்திரத்தனமான கைதுகளுக்குக் கட்டுப்பாடு வந்தது. 2017இல் வந்த குடும்பநலக் குழுக்கள் 2018இல் நீக்கப்பட்டன. பொய்வழக்கில் சிக்கிய குடும்பங்களின் துயரம் மெய்யானது. புகார் தரவே இயலாமல் கிடக்கும் பெண்களின் துயரமும் மெய்யானது. ஒன்றைக் கொண்டு மற்றொன்றைக் கழித்துக் கணக்கை நேர்செய்துவிட முடியாது.

ஆண்களின் தற்கொலை பற்றிய வாதத்தைப் பெண்ணியம் பேசும் நண்பர்கள் பலர் கேட்டவுடன் ஒதுக்கிவிடுகிறார்கள். அது தவறு என்பது என் கருத்து. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின்படி 2022இல் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். அவர்களில் ஆண்கள் 1,22,724. இந்த எண்ணைத் தூக்கிப் பிடிப்பவர்கள் அதே அறிக்கையின் அடுத்த பக்கங்களைப் படிப்பதில்லை. தொழில்வாரியாகப் பார்த்தால் மிகப் பெரிய பிரிவு தினக்கூலிகள், நான்கில் ஒரு பங்குக்கும் மேல். காரணவாரியாகப் பார்த்தால் 'குடும்பச் சிக்கல்கள்' ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, நோய் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு. 'திருமணம் தொடர்பான சிக்கல்கள்' இருபதில் ஒரு பங்கு அளவுதான். ஆண் சம்பாதித்தே தீர வேண்டும், நோயைச் சொல்லக்கூடாது, கடனை மறைக்க வேண்டும், அழக்கூடாது என்ற வளர்ப்பு எத்தனை பேரைக் கொன்றது என்று யாரும் கணக்கெடுப்பதில்லை. அந்த வளர்ப்பை எதிர்த்து நூறாண்டாகப் பேசிவருபவர்கள் பெண்ணுரிமை பேசியவர்கள்தாம்.

2014 சுதந்திர நாள் உரையில், மகளிடம் எங்கே போகிறாய் என்று நூறு கேள்வி கேட்கும் பெற்றோர் மகனிடம் கேட்கத் துணிந்ததுண்டா என்று பிரதமர் வினவினார். செங்கோட்டையிலிருந்து மகன் வளர்ப்பு பேசப்பட்டது புதுமைதான். ஆனால் அதுவும் கேள்வி கேட்டுக் கண்காணிப்பதைப் பற்றியது. நசூஹ் செய்தது அதுதான், சகாராம் செய்ததும் அதுதான்.

வேறு வழி ஒன்றும் முயலப்பட்டிருக்கிறது. ஹரியானாவின் சோனிபத், பானிபத், ரோத்தக், ஜஜ்ஜர் மாவட்டங்களில் 'பிரேக்த்ரூ' என்ற தொண்டு நிறுவனம் அரசுப் பள்ளிகளில் ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் ஒரு வகுப்பை நடத்தியது. சிறுவரும் சிறுமியரும் சேர்ந்தமர்ந்து, வீட்டில் யார் என்ன வேலை செய்கிறார்கள், ஏன் என்று உரையாடும் வகுப்பு. தார், ஜெயின், ஜெயச்சந்திரன் ஆகிய பொருளியலாளர்கள் 314 பள்ளிகளை வைத்து இதன் விளைவை ஆராய்ந்து 2022இல் வெளியிட்டார்கள். மனப்பான்மை இரு பாலாரிடமும் மாறியிருந்தது. நடத்தையில் கூடுதல் மாற்றம் பையன்களிடம் தெரிந்தது. வீட்டுவேலையில் முன்பைவிட அதிகம் பங்கேற்பதாகச் சொன்னார்கள். அவர்களே சொன்னது என்ற குறை இத்தரவுக்கு உண்டு. எனினும் நான் கவனிப்பது வேறொன்றை. அந்த வகுப்பில் பையன்கள் குற்றவாளியின் இருக்கையில் அமர்த்தப்படவில்லை. நயீமாவுக்குக் கிடைத்து, கலீமுக்குக் கிடைக்காத தோழமை அவர்களுக்கு வாய்த்தது.

சென்ற ஞாயிறு அக்கா மகனிடம் தாதாஜியின் கதையைச் சொன்னேன். ருக்மாபாயின் கதையாகத் தொடங்காமல், இருபது வயதில் ஆறாம் வகுப்பில் உட்கார வைக்கப்பட்ட ஒருவரின் கதையாகத் தொடங்கினேன். அவனும் ஆறாம் வகுப்பு என்பதால் உடனே ஒட்டிக்கொண்டான். தன் வகுப்பில் அவ்வளவு பெரிய அண்ணன் ஒருவர் கடைசி இருக்கையில் இருந்தால் எல்லோரும் சிரிப்பார்கள் என்றான். மாமன் வீட்டைப் பற்றிச் சொன்னபோது என்னை ஏற இறங்கப் பார்த்தான். ருக்மாபாய் சிறைக்குப் போகிறேன் என்ற இடத்தில் கைதட்டினான். அடுக்களையிலிருந்து அக்காவும் கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டாயிரம் ரூபாயில் கதையை நிறுத்தினேன்.

"அப்போ அவர் கேஸில் ஜெயிச்சாரா, தோத்தாரா?" என்றான்.

"கோர்ட்டில் ஜெயிச்சவர் அவர்தான்."

"ஜெயிச்சும் ருக்மாபாய் வரலையா?"

"வரலை."

சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, விடுதலைப் பத்திரம் என்றால் என்ன என்று கேட்டான். நான் அதை அவனிடம் சொல்லியிருக்கவே இல்லை. அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள்.